விசாகப்பட்டினம் ஸ்டைரீன் கசிவு, மே 2020: தொட்டியிலிருந்து தெருவரை ஒரு நிகழ்வு ஆய்வு

விசாகப்பட்டினத்தின் மேற்குப் புறநகரில், கோபாலப்பட்டினத்தை அடுத்து ஆர்.ஆர். வெங்கடாபுரம் இருக்கிறது. தென் கொரிய நிறுவனத்துக்குச் சொந்தமான எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையை ஒட்டியே வளர்ந்த ஊர் அது. 2020 மே 7, வியாழக்கிழமை, விடியற்காலை மூன்று மணியளவில் அந்த ஆலையின் எம்6 என்ற சேமிப்புத் தொட்டியிலிருந்து, பிளாஸ்டிக் செய்யப் பயன்படும் ஸ்டைரீன் என்ற ரசாயனத்தின் ஆவி வெளியேறத் தொடங்கியது. ஊர் உறங்கிக்கொண்டிருந்தது. 12 பேர் இறந்தார்கள். 500-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். தொட்டியிலிருந்து காற்றில் கலந்த ஸ்டைரீன் சுமார் 800 டன்.

அன்று குழாய் எதுவும் வெடிக்கவில்லை. லாரி எதுவும் கவிழவில்லை. தொட்டிக்குள் கிடந்த திரவம் தனக்குள்ளேயே வினைபுரிந்து, சூடேறி, கொதித்து, தொட்டியின் மேலிருந்த காற்றுப்போக்கிகள் வழியே வெளியேறியது. வினைபுரியும் ரசாயனங்களின் விபத்துகளைத் தனியாக எடுத்துப் படிக்க வேண்டியது இதற்காகத்தான். பெட்ரோல் சிந்தினால் சிந்திய நொடியில்தான் ஆபத்து தொடங்கும். ஸ்டைரீன் போன்றவற்றில் அது பல நாட்களுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது, அடையாளம் காட்டிக்கொண்டே வளர்கிறது. அந்த நாட்களை வீணாக்கிவிட்டு, ஆவி வெளியே வந்த பிறகு செய்யும் மீட்புப் பணி எவ்வளவு திறமையானதாக இருந்தாலும் பாதிப் பணிதான். விசாகப்பட்டினத்தில் நடந்ததை எனக்குத் தெரிந்தவரை நேர்வரிசையில் எழுதிப் பார்த்தால் இதுதான் மீண்டும் மீண்டும் தெரிகிறது.

தொட்டிக்குள்

ஸ்டைரீன் நிறமற்ற, எண்ணெய் போன்ற திரவம். இனிப்பு கலந்த ஒரு நெடி அடிக்கும். 145 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். குளிர்பதனப் பெட்டிகளைச் சுற்றி வரும் வெள்ளை தெர்மோகோலும், ஒரு முறை பயன்படுத்தி எறியும் தட்டுகளும் இதிலிருந்து வருகிற பாலிஸ்டைரீன்தான். ஸ்டைரீன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்துச் சங்கிலியாவதே பாலிஸ்டைரீன். ஆலையில் அதை வேண்டுமென்றே, கட்டுப்பாட்டோடு செய்கிறார்கள். தொட்டியில் அது நடக்கவே கூடாது. ஆனால் யாரும் தூண்டாமலேயே மெல்ல மெல்ல நடந்துகொண்டிருக்கும் என்பதுதான் இந்தப் பொருளின் குணம். ஒவ்வொரு இணைப்பிலும் வெப்பம் வெளிப்படுகிறது. அந்த வெப்பம் அடுத்த இணைப்பை விரைவுபடுத்துகிறது. சுமார் 65 டிகிரியைத் தாண்டிவிட்டால் பிறகு அதை நிறுத்துவது மிகக் கடினம்.

இதைத் தடுக்க இரண்டு காவல்கள் உண்டு. ஒன்று, குளிர்ச்சி: தொட்டியைச் சுமார் 20 டிகிரிக்குக் கீழே வைத்திருக்க வேண்டும். மற்றொன்று, டெர்ஷியரி பியூட்டைல் கேட்டிகால் என்ற தடுப்பான், தொழிலில் டி.பி.சி. என்பார்கள். பத்து லட்சம் பங்கு ஸ்டைரீனுக்கு 10 முதல் 15 பங்கு டி.பி.சி. போதும். ஆனால் திரவத்தில் ஓரளவு ஆக்சிஜன் கரைந்திருந்தால்தான் அது வேலை செய்யும். நாள் செல்லச் செல்ல டி.பி.சி. செலவாகிக்கொண்டே வரும், சூடு கூடினால் இன்னும் வேகமாகச் செலவாகும். எனவே அளந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், குறைந்தால் சேர்க்க வேண்டும்.

எம்6 ஐம்பது ஆண்டுகளைக் கடந்த பழைய தொட்டி. அதில் அன்று 1,800 டன்னுக்கும் மேல் ஸ்டைரீன் இருந்தது. மார்ச் 25 முதல் பொதுமுடக்கம். உற்பத்தி நின்றுவிட்டதால் திரவம் வெளியே போகவில்லை, புதிதாக வரவும் இல்லை. வாரக்கணக்கில் ஒரே இடத்தில் கிடந்தது. ஆந்திர அரசு அமைத்த உயர்மட்டக் குழு 2020 ஜூலையில் தந்த அறிக்கை இதற்குப் பிறகு நடந்தவற்றை வரிசையாகச் சொல்கிறது. குளிரூட்டும் அமைப்பு இரவும் பகலும் ஓடவில்லை. காலை எட்டு மணிக்குத் தொடங்கி மாலை ஐந்து மணிக்கு நிறுத்துவது வழக்கம். 2019 டிசம்பரில் தொட்டியின் சுழற்சிக் குழாயில் செய்த மாற்றத்தால் குளிர்ந்த திரவம் தொட்டி முழுவதும் கலக்காமல் போனது. கரைந்த ஆக்சிஜனை அளக்கும் ஏற்பாடு இல்லை. கையிருப்பில் போதிய தடுப்பான் இல்லை.

எல்லாவற்றையும்விட என்னைத் தடுத்து நிறுத்துவது வெப்பமானி பற்றிய விவரம். அந்தப் பெரிய தொட்டியில் வெப்பநிலையை அளந்தது அடிப்பகுதியில் இருந்த சென்சார் மட்டுமே. கோடையில் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மேல்நீர் சுடும், அடிநீர் குளிர்ந்தே இருக்கும். எம்6 தொட்டியிலும் அதுவே நடந்தது. ஆனால் மேலே சூடேறிய அடுக்கு வெயிலால் மட்டும் சூடாகவில்லை, தன் சொந்த வினையாலும் சூடாகிக்கொண்டிருந்தது. பாலிமர், அதாவது அந்த மூலக்கூறுச் சங்கிலி, உருவாக உருவாகத் திரவம் தடித்து, கலப்பது இன்னும் குறைந்தது. மே 6 மாலை கட்டுப்பாட்டு அறையில் பதிவான அளவு 20 டிகிரிக்கும் கீழே. எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று நம்புவதற்கு அந்த எண் போதுமானதாக இருந்தது. அடியில் அது உண்மையான எண்தான். சில மீட்டர் மேலே இருந்த திரவத்தைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. மறுநாள் தொட்டியின் வெப்பநிலை 150 டிகிரியைத் தாண்டியதாகப் பதிவானது.

இன்னொரு அடையாளமும் இருந்தது. ஏப்ரல் கடைசி வாரத்திலேயே தொட்டியிலிருந்து எடுத்த மாதிரியில் பாலிமர் அளவு கூடியிருந்தது. ஸ்டைரீன் தொட்டியில் பாலிமர் கூடுகிறது என்றால் தடுப்பான் தோற்றுக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஆலையில் அதைச் சரக்கின் தரம் பற்றிய விஷயமாகப் பார்த்தார்கள், பாதுகாப்பு விஷயமாகப் பார்க்கவில்லை என்று குழு சுட்டிக்காட்டியது. அவசரநிலை எப்போது தொடங்கியது என்று என்னைக் கேட்டால் அந்த ஆய்வக முடிவு வந்த நாளைத்தான் சொல்வேன். அன்று தடுப்பானைக் கரைத்து ஊற்றித் தொட்டியை நன்றாகக் கலக்கியிருந்தால், குளிரூட்டியை இரவிலும் ஓடவிட்டிருந்தால், வெங்கடாபுரம் மக்கள் மே 7 காலையில் வழக்கம்போல் எழுந்திருப்பார்கள்.

எவ்வளவு தடுப்பான் தேவைப்பட்டிருக்கும்? 1,800 டன்னில் பத்து லட்சத்துக்கு 10 பங்கு என்றால் 18 கிலோ. 15 பங்கு என்றால் 27 கிலோ. ஓர் அரிசி மூட்டையின் எடைகூட இல்லை.

ஒலிக்காத சைரன்

ஆவி கிளம்பிய பிறகு நிமிடங்கள்தான் கையில் இருந்தன. ஸ்டைரீன் ஆவி காற்றைவிட ஏறத்தாழ மூன்றரை மடங்கு கனமானது. விடியலுக்கு முந்தைய அசைவற்ற காற்றில் அது மேலெழுந்து கலைந்துபோகவில்லை. தரையோடு தரையாகப் படர்ந்து, தெருக்களிலும் தாழ்வான வீடுகளிலும் தங்கியது. கோடை இரவு, பலர் சன்னல்களைத் திறந்துவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஆலையில் அபாயச் சைரனை இயக்கும் பொத்தான்கள் 36 இடங்களில் இருந்தன என்று உயர்மட்டக் குழு பதிவுசெய்திருக்கிறது. ஒன்றுகூட அழுத்தப்படவில்லை. இந்த ஒரு வரிக்காக அந்த அறிக்கையை ஒவ்வோர் ஆலை மேலாளரும் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். குளிரூட்டியில் கோளாறு, குழாயில் தவறான மாற்றம், சென்சார் போதாமை ஆகியவற்றுக்கெல்லாம் பொறியியல் விளக்கம் தரலாம். சைரன் பொத்தானை அழுத்த எந்தப் பொறியியலும் வேண்டாம். அழுத்தலாமா, மேலதிகாரியைக் கேட்க வேண்டுமா, தவறாக அழுத்திவிட்டால் யார் பதில் சொல்வது என்ற தயக்கம்தான் இப்படிப்பட்ட இடங்களில் கையைப் பிடித்து இழுக்கிறது. இரவு ஷிப்டில் இருக்கும் கடைநிலைத் தொழிலாளிக்கும் யாரையும் கேட்காமல் அதை அழுத்தும் உரிமை இருக்க வேண்டும். தவறாக அழுத்தினாலும் ஒரு சொல் கேட்க நேராது என்ற உறுதியும் அவருக்கு இருக்க வேண்டும்.

போபாலை நினைக்காமல் இந்த இடத்தைக் கடக்க முடியவில்லை. 1984 டிசம்பர் 2 நள்ளிரவில் அங்கே மீதைல் ஐசோசயனேட் என்ற நச்சு ரசாயனம் இருந்த தொட்டிக்குள் தண்ணீர் புகுந்து வினை முற்றியது. அந்தத் தொட்டிக்கான குளிரூட்டும் அமைப்பு பல மாதங்களாக நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. ஊருக்குக் கேட்க வேண்டிய சைரன் தொடக்கத்திலேயே நிறுத்தப்பட்டது. முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, வேறொரு மாநிலத்தில், வேறொரு ரசாயனத்தில், நிறுத்திவைத்த குளிரூட்டியும் ஒலிக்காத சைரனும் திரும்ப வந்தன. போபாலுக்குப் பிறகு சட்டங்கள் வராமல் இல்லை. தொழிற்சாலைகள் சட்டத்தில் 41பி என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. அபாயம் என்ன, விபத்து நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சுற்றுவட்டார மக்களுக்கும் சொல்லவேண்டிய கடமையை அது நிர்வாகத்தின் மேல் வைத்தது. 1989-இல் வந்த அபாயகரமான ரசாயன விதிகள், ஆலைக்குள் ஒரு அவசரத் திட்டமும் ஆலைக்கு வெளியே ஒரு அவசரத் திட்டமும் வேண்டும் என்கின்றன. ஒத்திகையும் நடத்தச் சொல்கின்றன. 1996-இல் மாவட்ட, மாநில அளவிலான நெருக்கடிக் குழுக்களும் விதியாயின. காகிதத்தில் எல்லாம் இருந்தது. வெங்கடாபுரத்தில் அன்றிரவு விழித்துக்கொண்டவர்களுக்கு எந்தத் திசையில் ஓட வேண்டும் என்று தெரியவில்லை.

கண் எரிச்சலில் எழுந்தவர்கள் மூச்சு முட்டி வெளியே ஓடிவந்தார்கள். ஸ்டைரீன் கண்ணையும் மூச்சுக்குழாயையும் எரிப்பதோடு நிற்காது. அளவு கூடும்போது மூளையை மந்தப்படுத்தி மயக்கத்தில் தள்ளும். ஓடியவர்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே விழுந்தார்கள். இருசக்கர வண்டியில் கிளம்பியவர்கள் வண்டியோடு சாய்ந்தார்கள். கண் தெரியாமல் கிணற்றில் விழுந்தவரும் உண்டு. தெருவோரத்தில் மாடுகளும் நாய்களும் செத்துக்கிடந்தன. இறந்தவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள்.

வீட்டுக்குள்ளேயே கதவடைத்து இருந்திருக்கலாமா, ஓடியதுதான் சரியா என்று பிறகு பலர் கேட்டார்கள். ஓட்டு வீட்டிலும் திறந்த சன்னலிலும் கதவடைப்பது அதிகம் காப்பாற்றாது. காற்று வரும் திசைக்குக் குறுக்கே, மேடான இடத்தை நோக்கி, மூக்கையும் வாயையும் ஈரத்துணியால் மூடிக்கொண்டு போவதுதான் அந்த இரவில் சரியான வழியாக இருந்திருக்கும். ஈரத்துணி ஸ்டைரீன் ஆவியை முழுமையாகத் தடுக்காது என்றாலும் எரிச்சலைக் கொஞ்சம் குறைத்துச் சில நிமிடங்களைத் தேடித் தரும். ஆனால் இதை மூன்று மணிக்குப் படுக்கையிலிருந்து எழுந்த ஒருவர் தானாகக் கண்டுபிடிக்க முடியாது. காற்றின் திசையைக் காட்டும் கொடி எங்கே இருக்கிறது, மேடு எந்தப் பக்கம், கூடவேண்டிய இடம் எது என்பதெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும். ஆண்டுக்கொரு முறை சைரனை ஒலிக்கவிட்டு ஊரையே நடக்கவைத்துப் பார்ப்பதுதான் ஒத்திகை. ஆலைக்குள் தொப்பி அணிந்து புகைப்படம் எடுத்துக்கொள்வதோடு அது முடிந்துவிடக் கூடாது.

முதலில் வந்தவர்கள்

ஊர்க்காரர்களின் அழைப்பு வந்ததும் காவல்துறையினர்தான் முதலில் வந்தார்கள். வீடு வீடாகக் கதவைத் தட்டினார்கள்; திறக்காத கதவுகளை உடைத்தார்கள்; மயங்கிக் கிடந்தவர்களைத் தோளில் தூக்கிவந்தார்கள். தீயணைப்பு வீரர்களும் 108 ஆம்புலன்ஸ் ஊழியர்களும் தேசியப் பேரிடர் மீட்புப் படையினரும் சேர்ந்துகொண்டார்கள். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் ஆட்டோக்களிலும் வேன்களிலும் ஆட்களை ஏற்றிக் கிங் ஜார்ஜ் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். போலீசாரில் சிலரே மூச்சுத்திணறிச் சிகிச்சை பெற நேர்ந்தது. உயிரிழப்பு 12-உடன் நின்றதற்கு இவர்களின் வேகமும் துணிவுமே பெரிய காரணம். நன்றி சொல்லித் தீராது.

அந்த நன்றியோடுதான் அடுத்ததையும் சொல்ல வேண்டும். முதலில் போன காவலர்களிடம் சுவாசக் கருவி இல்லை. துணி முகக்கவசமோ கொரோனாவுக்காகப் பயன்பட்ட முகக்கவசமோ ஸ்டைரீன் ஆவியைத் தடுக்காது. முதுகில் காற்று உருளையோடு அணியும் சுவாசக் கருவியோ, கரிம ஆவிக்கென்றே உள்ள வடிகலன் பொருத்திய முகமூடியோதான் வேண்டும். கடற்படை பிறகு சுவாசக் கருவிகளையும், ஒரே உருளையிலிருந்து பலருக்கு ஆக்சிஜன் தரும் கருவிகளையும் கொடுத்து உதவியது. அவை ஆலை வாசலிலும் கோபாலப்பட்டினம் காவல் நிலையத்திலும் முன்பே இருந்திருக்க வேண்டியவை.

அதிகம் பேசப்படாத இன்னொரு ஆபத்து தீ. ஸ்டைரீனின் தீப்பற்று நிலை, அதாவது ஒரு பொறி பட்டால் பற்றும் அளவுக்கு ஆவி எழும் வெப்பநிலை, 31 டிகிரி. காற்றில் சுமார் ஒரு சதவீதம் கலந்தாலே பற்றக்கூடியது. அத்தனை டன் ஆவி தெருக்களில் தவழ்ந்துகொண்டிருந்தபோது வண்டிகள் ஓடின, விளக்குகள் எரிந்தன, அடுப்புகள் இருந்தன. ஒரு பொறி சரியான இடத்தில் விழுந்திருந்தால் இறப்பு எண்ணிக்கையை நினைத்துப் பார்க்கவே அச்சமாக இருக்கிறது. வாகனத்தை மேகத்துக்குள் ஓட்டாமல் வெளியே நிறுத்திவிட்டு நடந்து போவது, வீட்டு மின்பொத்தானைத் தொடாமல் விடுவது போன்ற எளிய பழக்கங்கள் இந்த வகை மீட்பில் உயிர்காப்பவை.

மருத்துவமனையில் ஸ்டைரீனுக்கென்று முறிமருந்து எதுவும் கிடையாது. உடையைக் களைந்து, உடலையும் கண்ணையும் தண்ணீரால் நன்கு கழுவி, ஆக்சிஜன் கொடுத்து, மூச்சைக் கவனித்துக்கொள்ள வேண்டும். உடையைக் களைவதை அவசரத்தில் விட்டுவிடுவார்கள். ஆனால் நனைந்த துணியிலிருந்து ஆவி தொடர்ந்து வந்து நோயாளியையும் பக்கத்தில் நிற்கும் செவிலியரையும் தாக்கும். கொரோனா அச்சத்தில் ஏற்கெனவே திணறிக்கொண்டிருந்த மருத்துவமனைக்கு ஒரே காலையில் நூற்றுக்கணக்கானவர்கள் வந்ததை மருத்துவர்கள் சமாளித்த விதம் போற்றத்தக்கது.

தண்ணீரா, மருந்தா?

தீயணைப்புத் துறையினர் தொட்டியின் மேல் தண்ணீரைப் பீய்ச்சினார்கள். ஸ்டைரீனைப் பொறுத்தவரை அது சரியான செயல். ஸ்டைரீன் தண்ணீரோடு வினைபுரியாது; தொட்டியின் சுவர் குளிரும், ஆவியின் ஒரு பகுதி படியும். ஆனால் எல்லா ரசாயனத்துக்கும் இது பொருந்தாது என்பதைச் சொல்லியாக வேண்டும். 1980 ஏப்ரல் 3 அன்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டனை ஒட்டிய சோமர்வில் ரயில் யார்டில், ஒரு ரயில் என்ஜின் மோதிப் பாஸ்பரஸ் டிரைகுளோரைடு ஏற்றிய டேங்கர் வேகன் துளைபட்டது. அதன் மேல் தண்ணீர் பட்டதும் நிலைமை மோசமானது. தண்ணீரோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் குளோரைடு புகையைக் கக்கும் பொருள் அது. சுமார் 23,000 பேரை வெளியேற்ற வேண்டியிருந்தது. கடைசியில் பனி அகற்றும் இயந்திரங்களைக் கொண்டுவந்து சோடா சாம்பலை அதன் மேல் வாரி இறைத்துத்தான் அடக்கினார்கள். குழாயைத் திறப்பதற்கு முன் உள்ளே இருப்பது என்ன என்று கேட்கவேண்டிய அவசியத்துக்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது.

எம்6 விஷயத்தில் வெளியிலிருந்து தண்ணீர் பீய்ச்சுவதற்கும் ஒரு வரம்பு இருந்தது. உள்ளே திரவம் தடித்துப் பாலிமராகிக்கொண்டிருந்தது. பாலிஸ்டைரீன் வெப்பத்தை எளிதில் கடத்தாது. சுவரைக் குளிர்விக்கலாம், நடுவில் இருக்கும் சூட்டை எட்ட முடியாது. உள்ளே தடுப்பானை ஊற்றியாக வேண்டும். அது விசாகப்பட்டினத்தில் இல்லை.

ஆந்திர அரசு குஜராத்தை அணுகியது. வாப்பியில் உள்ள ஒரு உற்பத்தியாளரிடமிருந்து 500 கிலோ பாரா டெர்ஷியரி பியூட்டைல் கேட்டிகால் (அதே டி.பி.சி.தான்) சாலை வழியே டாமனுக்கும், அங்கிருந்து விமானத்தில் விசாகப்பட்டினத்துக்கும் வந்தது. புணேயிலிருந்து பேரிடர் மீட்புப் படையின் ரசாயன அபாயச் சிறப்புப் பிரிவும், நாகபுரியிலிருந்து தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனத்தின் நிபுணர்களும் வந்தார்கள். பிறகு விமானப்படையின் இரண்டு ஏ.என்.-32 விமானங்கள் முந்த்ராவிலிருந்து மேலும் எட்டு டன்னுக்கு மேற்பட்ட தடுப்பான்களைக் கொண்டுவந்தன. இரண்டு மாநில அரசுகளும் விமானப்படையும் கடற்படையும் ஓரிரு நாளில் ஒருங்கிணைந்து செய்த இந்தப் பணி உண்மையிலேயே பெரியது. முன்பே கணக்கிட்ட 18 கிலோவை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆலையின் கிடங்கில் இருக்கவேண்டிய ஒரு மூட்டைப் பொருள், ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து விமானமேறி வந்தது.

தொழில்நுட்பமாகவும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அறை வெப்பத்தில் டி.பி.சி. கட்டியாக இருக்கும். மேலிருந்து கொட்டினால் கலக்காது. கரைத்து, பம்ப் வைத்து உள்ளே செலுத்தி, தொட்டியைச் சுழற்ற வேண்டும். வினை ஏற்கெனவே முற்றியிருந்தால் அதன் பயனும் குறைவு. அப்போது எத்தில் பென்சீன் போன்ற கரைப்பானைச் சேர்த்து நீர்க்கச்செய்வது மற்றொரு வழி. எந்த வெப்பநிலையில் எதைச் செய்வது, எந்தக் கட்டத்தில் தொட்டியைக் கைவிட்டு ஊரைக் காலி செய்வது என்ற படிநிலைகள் முன்கூட்டியே எழுதப்பட்டுக் கட்டுப்பாட்டு அறைச் சுவரில் தொங்க வேண்டும். தொட்டி சூடேறிக்கொண்டிருக்கும்போது அமர்ந்து யோசிக்க முடியாது.

இரண்டாம் இரவு

மே 7 நள்ளிரவு தாண்டியும் தொட்டி முழுதாக அடங்கவில்லை. மீண்டும் ஆவி வெளிவருவதாகப் பேச்சு கிளம்பியது. சில கிலோமீட்டர் சுற்றளவில் வெளியேறச் சொன்ன செய்தி பரவி, ஆலையிலிருந்து வெகுதூரத்தில் இருந்தவர்களும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு வந்துவிட்டார்கள். புதிய கசிவு எதுவும் இல்லை, முன்னெச்சரிக்கை மட்டுமே என்று காவல்துறை பிறகு விளக்கியது. முந்தைய இரவில் எச்சரிக்கையே கிடைக்காதவர்களுக்கு இந்த இரவில் ஒன்றுக்கொன்று முரணான எச்சரிக்கைகள் கிடைத்தன. ஒரே இடத்திலிருந்து, ஒரே குரலில், எந்தத் தெரு வெளியேற வேண்டும், எது தேவையில்லை என்று சொல்லும் ஏற்பாடு இல்லாததன் விலை இது. மக்கள் பீதியடைந்தார்கள் என்று எழுதியவர்களோடு நான் உடன்படவில்லை. முதல் நாள் நேர்ந்ததைப் பார்த்த யாரும் அப்படித்தான் கிளம்பியிருப்பார்கள்.

தூரத்தைப் பற்றி இங்கே ஒரு குறிப்பு. தீயணைப்பு வீரர்கள் பயன்படுத்தும் வட அமெரிக்க அவசரகாலக் கையேட்டில் ஸ்டைரீனுக்கு ஐ.நா. எண் 2055, வழிகாட்டி எண் 128பி. அந்தப் ‘பி’ பாலிமராகும் அபாயத்தைக் குறிக்கிறது. பெரிய சிந்தலுக்கு, காற்று போகும் திசையில் தொடக்கமாக 300 மீட்டர் வரை வெளியேற்றச் சொல்கிறது. தீப்பிடித்த டேங்கருக்கு 800 மீட்டர். விசாகப்பட்டினத்தில் பாதிப்பு அதையெல்லாம் தாண்டியது. கையேடு பிழையானது என்று இதற்குப் பொருள் இல்லை. சாலையில் சிந்திய, குளிர்ந்த ஸ்டைரீனை மனத்தில் வைத்து எழுதிய எண் அது. நூற்றுக்கணக்கான டன் கொதித்து ஆவியாகும் தொட்டிக்கு அது போதாது. மாவட்ட நிர்வாகம் தன் எல்லையில் உள்ள ஒவ்வொரு பெரிய தொட்டிக்கும் மோசமான சூழலைக் கணக்கிட்டு, வரைபடத்தில் வட்டம் வரைந்து வைத்திருக்க வேண்டும். அந்த வட்டத்துக்குள் எத்தனை வீடுகள், எத்தனை முதியவர்கள், எத்தனை பள்ளிகள் என்பதும் அதில் இருக்க வேண்டும்.

பிறகு

தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மறுநாளே தானாக முன்வந்து வழக்கை எடுத்து, நிறுவனத்தை 50 கோடி ரூபாய் முன்வைப்பாகச் செலுத்தச் சொன்னது. இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா ஒரு கோடி ரூபாயை ஆந்திர அரசு அறிவித்தது. ஆலைக்கு மத்திய அரசின் சுற்றுச்சூழல் அனுமதி இல்லை என்பதை நிறுவனமே 2019-இல் ஒரு பிரமாணப் பத்திரத்தில் ஒப்புக்கொண்டிருந்தது வெளிவந்தது. 2020 ஜூலையில் உயர்மட்டக் குழு அறிக்கையைத் தொடர்ந்து, நிறுவனத்தின் தலைமை நிர்வாகி உள்ளிட்டோர் கைது செய்யப்பட்டார்கள்.

தமிழ்நாட்டில் இதைப் படிப்பவர்களுக்கு எண்ணூர் நினைவுக்கு வரும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் பெரியகுப்பம் கடலோரத்தில், கடலுக்கடியில் செல்லும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோதும் மக்கள் நெடியில்தான் விழித்தார்கள். குழந்தைகளை எடுத்துக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். ரசாயனம் வேறு, காரணம் வேறு. எச்சரிக்கை வந்த வழி மட்டும் அதே மூக்கு. மணலியிலும் கடலூர் சிப்காட்டிலும் ஆலைகளுக்கு அருகே குடியிருப்பவர்கள், சட்டப்படி தங்களுக்குச் சொல்லப்பட வேண்டியவற்றைக் கேட்டு வாங்கலாம்: எந்தத் தொட்டியில் என்ன இருக்கிறது, சைரன் எப்படி ஒலிக்கும், எந்தப் பக்கம் போக வேண்டும், கடைசி ஒத்திகை எப்போது நடந்தது. ஊராட்சியிலோ மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலோ எழுத்தில் கேட்டால் எழுத்தில் பதில் தர வேண்டிய கேள்விகள் இவை.

விசாகப்பட்டினத்தில் மீட்புப் பணியின் கடைசிக் கட்டம் துறைமுகத்தில் நடந்தது. எம்6 தொட்டியில் எஞ்சியது ஓரிரு நாளில் பாலிமராகி இறுகிவிட்டது. ஆலையின் மற்றத் தொட்டிகளிலும் துறைமுகத் தொட்டிகளிலும் ஸ்டைரீன் இன்னும் இருந்தது; அவற்றுக்கும் தடுப்பான் சேர்த்து, வெப்பநிலையைக் கண்காணித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. அப்போதைய முதலமைச்சர் ஜெகன்மோகன் ரெட்டியின் உத்தரவின்படி சுமார் 13,000 டன் ஸ்டைரீனைக் கப்பல்களில் ஏற்றித் தென் கொரியாவுக்கே திருப்பி அனுப்பினார்கள்.